நெல்வயற் பாசிகள்: அமைப்பும் இனமும் பெருக்கமும்

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய பகுதிகளின் வட்டைகளிலே முளைநெல் விதைத்துப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் கழிந்ததும், வரவைகளின் நீரில் பச்சைப் படலமொன்று மிதக்கத் தொடங்குவதைக் கமக்காரர் கண்டிருப்பர். வெயில் ஏறியதும் அப்படலம் தடித்து எழும்பும். மாலையிற் காற்றடித்த பக்கமாக ஒதுங்கி, இளம் பயிரின்மேல் நனைந்த சாக்கைப்போற் படியும். "பாசி பிடித்துவிட்டது" என்று சொல்லிச் சிலர் பயிருக்கு வலுவூட்ட எண்ணி யூரியாவை இன்னுமொரு பங்கு வீசுவர். சிலர் துரிசு வாங்கிக் கரைப்பர். வேறு சிலர் தடியினால் அலைத்துக் கலைத்துவிடுவர். இம்மூன்றும் பல வேளைகளிற் பாசியைக் கூட்டுவனவாக, அல்லது வயலுக்கு வேண்டிய ஓருயிரைக் கொல்வனவாக முடிகின்றன. பாசி என்ற ஒரு பெயரின்கீழ் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத பல உயிர்கள் அடங்கியிருப்பதே இதற்குக் காரணம். எது எப்பாசி, அஃது எவ்வாறு உண்டு வளர்கின்றது, எவ்வாறு பெருகுகின்றது என்பவற்றை அறிந்தாலன்றி எதனை அழிப்பது, எதனைக் காப்பது என்று துணிய இயலாது.

பாசியாவது யாது?

பாசிகள் வேர், தண்டு, இலை என்னும் பிரிவு இல்லாதவை. ஆதலால் அவற்றின் உடலைப் பிரிவிலி என்பர். பூவும் விதையும் அவற்றுக்கு இல்லை. எனினும் நெற்பயிரைப் போலவே அவை பச்சையத்தின் உதவியால் வெயிலொளியையும் நீரையும் காபனீரொட்சைட்டையும் கொண்டு தமக்குரிய உணவைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. அவ்வாறு ஆக்கும்போது ஒட்சிசனை வெளிவிடுகின்றன. சிலவற்றின் உடல் ஒரேயொரு கலம். சிலவற்றிற் கலங்கள் மணிமாலைபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு இழையாகின்றன. சில வலைபோற் பின்னியிருக்கும். குளிர்ந்த கடல்களில் நாற்பது மீற்றருக்கு மேல் நீளும் பாசிகளும் உள.

வயலில் மிதக்கும் பச்சைப் பொருளெல்லாம் பாசி என்று கருதுவது தவறு. வாய்க்காலை அடைக்கும் ஆற்றுவாழை பூக்குந் தாவரம். சல்வீனியாவும் அசோலாவும் நீரில் வாழும் பன்னங்கள். இவற்றுள் அசோலாவைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு: அதன் சிற்றிலைகளின் குழிக்குள் ஒரு நீலப்பச்சைப் பாசி குடியிருக்கின்றது. அசோலா பசுந்தாட் பசளையாக மதிக்கப்படுவது அக்குடியிருப்பினாலேயே.

இனப்பிரிவு

பாசிகளை நிறங்கொண்டு பிரிக்கும் வழக்கத்தை 1836 ஆம் ஆண்டில் அயர்லாந்து அறிஞர் வில்லியம் ஹென்றி ஹார்வி தொடக்கிவைத்தார். பச்சையத்தோடு சேர்ந்துள்ள பிற நிறப்பொருள்கள், சேமித்து வைக்கும் உணவு, கலச்சுவரின் தன்மை ஆகியன பின்னர் ஆராயப்பட்டபோதும் அப்பிரிவு பெரும்பாலும் நிலைத்தது. பச்சைப் பாசி, நீலப்பச்சைப் பாசி, கபிலப் பாசி, செம்பாசி, தயற்றம் என்பன கமக்காரர் அறியவேண்டிய பிரிவுகள்.

கபிலப் பாசிகளும் செம்பாசிகளும் பெரும்பாலும் கடலுக்குரியவை. நோன்பு மாதத்தில் வீடுகளிற் காய்ச்சி ஆறவைக்கும் கடற்பாசி செம்பாசிகளிலிருந்து எடுக்கப்படும் அகாரேயாகும். தமிழகக் கரையிற் கஞ்சிப்பாசி என வழங்குவதும், முன்னாளில் 'இலங்கைப் பாசி' என்னும் பெயரால் ஆங்கிலேயர் அறிந்திருந்ததும் கிராசிலேரியா என்னும் செம்பாசியே. தயற்றங்கள் கண்ணாடி போன்ற சிலிக்காச் சுவருடைய ஒருகல உயிர்கள். உழுது மட்டப்படுத்திய சேற்றின்மேல் முதலிற் படியும் கபில நிற வழுவழுப்பு பெரும்பாலும் இவற்றால் ஆனது. அதனால் பயிருக்குத் தீங்கில்லை.

நெற்செய்கைக்கு நேரே தொடர்புடையன பச்சைப் பாசியும் நீலப்பச்சைப் பாசியுமே. பெயரளவில் அண்ணன் தம்பிபோலத் தோன்றினும் இவ்விரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. பச்சைப் பாசியின் கலத்திற் கரு உண்டு. பச்சையம் தனியே பச்சையவுருமணி என்னும் உறுப்பில் அடங்கியிருக்கும். சேமிக்கும் உணவு மாப்பொருள். இவையெல்லாம் நெற்பயிரின் கலத்திலும் காணப்படுவன. நீலப்பச்சைப் பாசியின் கலத்திலோ கருவும் இல்லை, பச்சையவுருமணியும் இல்லை. அதனால் இக்காலத்து அறிஞர் அதனைப் பற்றீரியாக்களோடு சேர்த்துச் சயனோபற்றீரியா என அழைக்கின்றனர். ஆதியில் இத்தகைய ஓருயிர் வேறொரு கலத்தினுட் புகுந்து தங்கியதனாலேயே பச்சையவுருமணி உண்டாயிற்று என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட கொள்கை. நெல்லின் பச்சை நிறத்துக்கே மூலம் இப்பாசியினம் எனலாம்.

கையினால் அறியும் முறை

நுணுக்குக்காட்டி இல்லாமலே பலவற்றைப் பிரித்தறியலாம். படலத்தில் ஒரு பிடி அள்ளி விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்க வேண்டும். தலைமயிர் போன்ற நீண்ட இழைகளாய், சவர்க்காரம்போல வழுக்கினால் அஃது இசுபைரோகைரா. இதன் கலத்தினுட் பச்சையவுருமணி நாடாவைச் சுருளாகச் சுற்றியதுபோல இருக்கும். வழுக்குவது இழையைச் சுற்றியுள்ள சளிப்பொருளால். இழைகள் பஞ்சுபோற் சொரசொரத்தால் அது பித்தோபோரா, கிளடோபோரா முதலிய கிளைவிடும் பச்சைப் பாசியாகும். நீரில் விரித்துப் பார்க்கையில் மீன்வலைபோல ஐங்கோண, அறுகோணக் கண்கள் தெரிந்தால் அது வலைப்பாசி. சேற்றில் ஊன்றி நின்று, கையில் நொறுங்கி, துர்நாற்றம் வீசினால் அது காரா. அதன்மேற் சுண்ணாம்பு படிந்திருப்பதாலேயே நொறுங்குகின்றது. இவை யாவும் பச்சைப் பாசியைச் சார்ந்தவை.

இழை நீளாது, கரும்பச்சை, நீலப்பச்சை அல்லது மங்கிய கபில நிறமுடைய கூழ்க்கட்டிகளாகவோ, சேற்றின்மேற் கரும்பட்டுபோன்ற மெல்லிய தோலாகவோ இருப்பவை பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசிகள். நொஸ்டொக், அனபீனா, குளியோத்திரிக்கியா, சைற்றொனீமா, தொலிப்போதிரிக்சு முதலியன இவ்வினத்தின. குளங்களிலும் தேங்கிய நீரிலும் இன்னொரு சோதனை உதவும். ஒரு குச்சியை நீரில் இட்டுச் சுழற்றி எடுத்தால், பச்சை இழைப்பாசி நூல்போற் குச்சியிற் சுற்றிக்கொண்டு வரும். மிதக்கும் நீலப்பச்சைப் பாசி வண்ணப்பூச்சுத் தடவியதுபோலக் குச்சியில் ஒட்டும்.

நீலப்பச்சைப் பாசியின் தொழில்

இலங்கையின் நன்னீர்ப் பாசிகளைப் பற்றி 1907 ஆம் ஆண்டில் விரிவாக எழுதிய ஆங்கிலேய அறிஞர் எஃப். ஈ. பிரிட்ச், இத்தீவின் பாறைகள், மரப்பட்டைகள், சுவர்கள் ஆகியவற்றில் நீலப்பச்சைப் பாசிகளே மேலோங்கி நிற்பதை எடுத்துக்காட்டினார். பாசிகளின் அமைப்பையும் இனப்பெருக்கத்தையும் பற்றி 1935, 1945 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக அவர் வெளியிட்ட நூல் நெடுங்காலம் மாணவர்களுக்கு ஆதாரநூலாயிற்று. அவரோடு சேர்ந்து ஆராய்ந்த இந்தியரான பி. கே. டே என்பவரே, நெல்வயலிற் காற்றின் நைதரசனை நிலைப்படுத்துவதில் நீலப்பச்சைப் பாசிகளுக்கு முதன்மையான பங்குண்டு என்பதை 1939 ஆம் ஆண்டில் வெளியிட்டவர். பசளையிடாத வயல்கள் தலைமுறை தலைமுறையாக ஓரளவு விளைந்து வந்ததற்குரிய காரணம் அப்போதுதான் விளங்கலாயிற்று.

அனபீனாவின் இழையை நுணுக்குக்காட்டியிற் பார்த்தால், ஒரே மாதிரியான மணிகளுக்கிடையே இடையிடையே தடித்த சுவருடன் வெளிறித் தோன்றும் வேறொரு மணி காணப்படும். அதனை வேற்றுக்கலம் எனலாம். நைதரசனைப் பிடிக்கும் நொதியம் ஒட்சிசன் பட்டாற் கெட்டுவிடும். ஏனைய கலங்களோ பகலெல்லாம் ஒட்சிசனை வெளிவிடுவன. எனவே ஒட்சிசன் புகாத தனியறையாக வேற்றுக்கலம் அமைந்துள்ளது. பக்கத்துக் கலங்கள் அதற்கு உணவு கொடுக்கும். அது அவற்றுக்கு நைதரசனைக் கொடுக்கும். அத்தொழில் நடைபெறுமிடம் வேற்றுக்கலமே என்னுங் கருத்தை 1968 ஆம் ஆண்டில் பே, ஸ்டுவட், வால்சுபி, பொக் ஆகிய நால்வர் முன்வைத்தனர். பிற்கால ஆய்வுகள் அதனை உறுதிசெய்தன.

இவ்வகையிற் கிடைக்கும் நைதரசன் எவ்வளவு? பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ். ஏ. குலசூரியவும் பிரான்சிய அறிஞர் பி. ஏ. ரொஜரும் எழுதிய நூலொன்றைப் பிலிப்பைன்சிலுள்ள சருவதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1980 ஆம் ஆண்டில் வெளியிட்டது. பல நாடுகளில் எடுக்கப்பட்ட அளவுகளைத் தொகுத்துப் பார்க்கையில், ஒரு போகத்துக்கு எக்டேயரொன்றிற் சில கிலோகிராம் முதல் 80 கிலோகிராம் வரையும், சராசரியாக 27 கிலோகிராமும் நைதரசன் சேர்கின்றது எனக் கணிக்கப்பட்டுள்ளது. ஏக்கருக்கு இச்சராசரி ஏறக்குறைய 11 கிலோகிராமாகும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் இருப்பதால், இஃது ஏறத்தாழ 24 கிலோகிராம் யூரியாவுக்குச் சமம். ஆனால் இது முழுதும் அதே போகத்துப் பயிருக்குக் கிட்டிவிடாது. பாசி இறந்து மக்கியபின்னரே நைதரசன் மண்ணுக்கு வரும். ஆகையால் பாசியை நம்பி யூரியாவை அடியோடு விட்டுவிடுவது தகாது. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவெம்பரில் அத்தடை நீக்கப்பட்ட காலத்தை அனுபவித்த கமக்காரருக்கு, நைதரசன் குறைந்த வயல் எப்படியிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அக்காலத்தும் வயலிற் பாசி இருக்கவே செய்தது. எனினும் விலை கொடாது கிடைக்கும் 11 கிலோகிராமைத் துரிசிட்டுக் கொல்வது வீண் நட்டம்.

பெருகும் வழிகள்

பாசிகள் மூன்று வகையாகப் பெருகும். முதலாவது, துண்டாகிப் பெருகுதல். இசுபைரோகைராவின் இழை அறுந்தால் ஒவ்வொரு துண்டும் தனித் தாவரமாக வளரும். தடியால் அலைத்து வயலினுள்ளேயே விடப்படும் பாசி இரண்டொரு வாரத்தில் முன்னிலும் மிகுவது இதனாலேயே. அள்ளுவதானால் முற்றாக அள்ளி வரம்பின்மேல் வெயிலிற் போடவேண்டும்.

இரண்டாவது, வித்திகளாற் பெருகுதல். பல பச்சைப் பாசிகளின் கலத்திலிருந்து வாலுடைய நுண்ணிய இயங்குவித்திகள் வெளிவந்து நீரில் நீந்திச் சென்று வேறிடத்திற் பற்றிக்கொள்ளும். வலைப்பாசியின் செயல் வியப்புக்குரியது. அதன் ஒரு கலத்தினுள் ஆயிரக்கணக்கான வித்திகள் தோன்றி, வெளியேறாமல் உள்ளேயே ஒன்றோடொன்று இணைந்து ஒரு சிறுவலையாகும். தாய்க்கலத்தின் சுவர் கரைந்ததும் அச்சிறுவலை விடுபட்டு வளரும். அவ்வலையின் ஒவ்வொரு கண்ணின் ஓரமும் ஒரு கலம். ஒவ்வொரு கலமும் மீண்டும் ஒரு வலை. இன்று உள்ளங்கையளவாயிருந்த வலைப்பாசி சில நாளில் வரவையை மூடுவதன் கணக்கு இதுவே.

மூன்றாவது, இலிங்கமுறைப் பெருக்கம். இசுபைரோகைரா வாழும் நீர் வற்றத் தொடங்கும் வேளையில் இரண்டு இழைகள் அருகருகே நெருங்கும். எதிரெதிரான கலங்களிலிருந்து சிறு குழாய்கள் தோன்றி இணையும். ஏணிபோற் காணப்படும் அந்நிலையில் ஓரிழையின் உள்ளடக்கம் மற்றையதனுட் சென்று சேரும். சேர்ந்ததனால் உண்டாகும் நுகவித்தி தடித்த சுவருடையது. அது சேற்றுட் புதைந்து, அறுவடைக்குப் பிந்திய வெயிலையும் வரட்சியையும் தாங்கிக் கிடந்து, அடுத்த போகத்துக்கு நீர் பாய்ந்ததும் முளைக்கும். எனவே ஒருமுறை பாசி மூடிய வயல் மறுமுறையும் மூடப்படக்கூடும் என எதிர்பார்த்திருப்பது நல்லது.

நீலப்பச்சைப் பாசியில் இலிங்கமுறைப் பெருக்கம் அறியப்படவில்லை. இழையின் துண்டுகள் நழுவிச் சென்று புதிய இழைகளாகும். வரட்சிக் காலத்துக்கென உணவு நிறைந்த உறங்குகலங்களையும் அது உண்டாக்கும். உலர்த்தித் தாள்களிற் காத்துவைத்த நொஸ்டொக் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் நீர்பட்டு உயிர்த்ததுண்டு. வயலைச் சில நாட்கள் காயவிடுவதால் நீலப்பச்சைப் பாசி அழிந்துபோகும் என அஞ்ச வேண்டியதில்லை.

பச்சைப் பாசியால் வருங் கேடு

சுபஹுத் தொழுகைக்குப் பின் வயலுக்குச் செல்பவர் காணும் நீரும் லுஹருக்கு முன் காணும் நீரும் ஒன்றல்ல. விடியற்காலையிற் பாசி சேற்றோடு படிந்திருக்கும். வெயில் ஏற ஏற அது வெளிவிடும் ஒட்சிசன் குமிழிகள் இழைகளுக்கிடையே சிக்கி, படலத்தைச் சேற்றிலிருந்து பெயர்த்து மேலே தூக்கும். வேர் ஊன்றாத முளைகள் அதனோடு பெயர்ந்து வரும். இதுவே கண்ணுக்குப் புலனாகுங் கேடு.

புலனாகாத கேடொன்று உண்டு. அதனால் வரும் பண நட்டம் பெரிது. பகலிற் பாசி நீரிலுள்ள காபனீரொட்சைட்டை இழுத்துக்கொள்வதால் நீரின் காரத்தன்மை ஏறுகின்றது. நண்பகலில் அதன் பீ.எச். அளவு 9 ஐயுந் தாண்டும். அந்நேரத்தில் நீரின்மேல் வீசிய யூரியா கரைந்து அமோனியாவாக மாறியதும், அமோனியா வாயுவாகிக் காற்றோடு போய்விடும். வெப்ப நாட்டு வயல்களில் இட்ட நைதரசனிற் பத்திலொரு பங்கு முதல் பாதிவரை இவ்வாறு இழக்கப்பட்டமை அளந்து காணப்பட்டுள்ளது. எஞ்சியதிலும் ஒரு பகுதியைப் பாசியே உண்டு கொழுக்கும். பாசியைக் கண்டு மேலும் யூரியா வீசுபவர் உண்மையில் பாசிக்கே பசளையிடுகின்றார். முச்சுப்பர்பொசுபேற்றை நீரின்மேல் வீசுவதும் அத்தகையதே. பச்சைப் பாசியை வெடித்தெழச் செய்வதற்கு அதனிலும் சிறந்த வழியில்லை.

செய்யவேண்டியன

பொசுபேற்றுப் பசளையை விதைப்பதற்கு முன், இறுதியாகப் பலகையடித்து மட்டப்படுத்தும்போதே இட்டுச் சேற்றோடு கலந்துவிட வேண்டும். மட்டம் சரியாக இருப்பதும் முக்கியம். பள்ளத்தில் தேங்கும் நீரிலேதான் பாசி முதலிற் பற்றும்.

பாசி எழுந்துவிட்டால், யூரியா இடுவதற்குக் குறித்த நாளுக்கு மூன்று நான்கு நாட்களுக்கு முன்னரே வக்கடையைத் திறந்து நீரை மெல்ல வடிக்க வேண்டும். விரைந்து வடித்தால் படலம் முழுதும் பயிர்மேற் படிந்துவிடும். வக்கடை வாயில் ஓலைத்தட்டியொன்றை வைத்தால் பாசி அங்கே சேரும். சேர்ந்ததை அள்ளி வெளியே போடலாம். சேறு இறுகி மயிரிழை வெடிப்புத் தோன்றும்வரை காயவிட்டு, ஈரமண்ணில் யூரியாவை இட்டு, அதன்பின் நீர் கட்ட வேண்டும். யூரியா இட்டபின் வயலைக் காயவிட்டு மறுபடி நீர் கட்டினால் நைதரசன் வேறு வழியால் இழக்கப்படும். ஆகவே இவ்வொழுங்கை மாற்றலாகாது. இங்கினியாகலையிற் பட்டிப்பளை ஆற்றை மறித்தமைத்த சேனநாயக்க சமுத்திரத்து நீரை முறைவைத்துப் பெறும் வட்டைகளில், நீர் வடிக்கும் நாளை அடுத்த முறை நீர் வருநாளோடு பொருத்திக்கொள்ள வட்டவிதானையுடன் முன்கூட்டியே பேசி வைத்தல் வேண்டும். தன் வயலை மட்டும் காயவைத்துவிட்டு நீருக்குக் காத்திருப்பவர் பாசியினும் பெரிய துன்பத்துக்கு ஆளாவார்.

துரிசு எனப்படும் செப்புச் சல்பேற்று பாசியைக் கொல்லும் என்பது மெய். பச்சைப் பாசியைக் கொல்லும் அளவினும் குறைந்த அளவே நீலப்பச்சைப் பாசியைக் கொல்லப் போதும், மீன்களும் இறக்கும், செம்பு மண்ணில் தங்கிவிடும். வடிகானீர் களப்புக்கும் கடலுக்கும் இறங்கும் இப்பகுதியில் அதனை இறுதி வழியாக மட்டும், விவசாயப் போதனாசிரியர் குறிக்கும் அளவிற் கையாளலாம்.

பயிர் தழைத்து நிழல் விழுந்ததும் பச்சைப் பாசி தானாகவே குறையும். நீரில் நைதரசன் தணிந்த அக்காலத்திலேதான் நீலப்பச்சைப் பாசி தலையெடுக்கும். மட்டங்கட்டும் பருவத்திற் சேற்றின்மேல் கரும்பட்டுத்தோலோ கூழ்க்கட்டியோ கண்டால் அதனைக் கலைக்கலாகாது. இந்தியாவில் நீலப்பச்சைப் பாசியைத் தொட்டிகளில் வளர்த்து, வெயிலில் உலர்த்தி, எக்டேயருக்கு 10 கிலோகிராம் வீதம் வயலில் தூவும் முறை வகுக்கப்பட்டது. அது சில இடங்களிற் பயன் தந்தது; வேறிடத்துப் பாசி புதிய வயலில் நிலைகொள்ளாத இடங்களும் பல. நெல்வயல் மண்ணில் இப்பாசிகளின் வித்து இயல்பாகவே பரவியிருப்பதால், உள்ளதை வளரவிடுவதே செலவற்ற வழி.

மரக்கறிச் செய்கையாளருக்கு

கரையோர மணற்காணிகளிற் கத்தரி, மிளகாய், கீரை செய்வோரின் பாத்திகளில் நாளும் நீர் தெளிப்பதால் மேல்மண்ணிற் பச்சைத்தோல் படர்வதுண்டு. அது பயிரை நேரே தாக்காது. ஆனால் நீர் உட்செல்வதைத் தடுக்கும். முட்கரண்டியால் மேல்மண்ணைக் கிளறிவிட்டு, காலையில் மட்டும் நீரூற்றி மாலைக்குள் மேற்பரப்புக் காய விட்டாற் போதும். சொட்டுநீர்க் குழாய் பொருத்தியவர்கள் நீர்த்தாங்கிக்குள் ஒளி புகாதவாறு மூடவேண்டும். வெள்ளை நிறத் தாங்கியில் வளரும் பாசியே குழாய்த் துளைகளை அடைப்பது. மேலே சொன்ன குச்சிச் சோதனையில் வண்ணப்பூச்சுப்போல ஒட்டும் பாசி திரண்ட குளத்து நீரைக் கீரைக்குத் தெளிக்கவோ மாடுகளுக்குக் காட்டவோ கூடாது. அவ்வகையிற் சில, குறிப்பாக மைக்குரோசிசுத்திசு, ஈரலைத் தாக்கும் நஞ்சுடையவை. கொதிக்கவைத்தாலும் அந்நஞ்சு நீங்காது.

கல்முனையை அண்டிய கரை பெரும்பாலும் மணற்கரையாதலின், பற்றி வளரப் பாறை வேண்டும் கடற்பாசிகள் இங்குக் குறைவு. வாடைக்காற்றுக் காலத்து அலைகள் ஒதுக்கிவிடும் சிறிதளவைத் திரட்டுவோர் அதனை உடனே பாத்தியில் இடலாகாது. மாரிமழையிற் சில வாரங்கள் குவித்து வைத்து உப்புக் கழுவுண்டபின், சாணத்தோடும் வைக்கோலோடும் சேர்த்து மக்கவிட்டால் பொற்றாசியம் மிகுந்த கூட்டெரு கிடைக்கும். அதிற் பொசுபரசு குறைவாதலால், மரக்கறிப் பாத்திக்கு இடும்போது எலும்புத்தூளையும் சிறிது சேர்த்துக்கொள்ள வேண்டும்.